செல்லப்பாண்டிக்குப் பொன்னாடை

“மந்திரமூர்த்தி அண்ணாச்சி சண்டையப் பாக்கப் போறவங்க கையோட தலையணையும் கொண்டுபோவாங்களாம். ரெண்டாவது ரவுண்டுலயே தூக்கம் வந்துரும்லா!”

செல்லப்பாண்டி கட்சிக்காக மேடையேறிய ஜெபின் சொல்லி முடிக்கும் முன்பே மண்டபம் வெடித்துச் சிரித்தது.

தூத்துக்குடியில் ஹார்பர்காரர்கள் நடத்தும் குத்துச்சண்டை கிளப்பின் ஆண்டு விழா. அதில் பட்டிமன்றம். ‘நம்ம ஊர் மனசில் நிற்கும் சாம்பியன் யார்? சாய்த்துப் போட்ட செல்லப்பாண்டியா, சாயாமல் நின்ற மந்திரமூர்த்தியா?’ என்று வாசலில் பேனர் தொங்கியது. அந்த இரண்டு பேரையுமே முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

தன்னைப் பற்றிய கேலிக்கு மந்திரமூர்த்தியும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

‘வெக்கங்கெட்ட மனுசன்’ என்று மனதுக்குள் திட்டினாள் பேச்சிச்செல்வி. செல்லப்பாண்டியின் மனைவி.

தீர்ப்பு எப்படிப் போனால் அவளுக்கென்ன? வாங்கிய குத்துகளில் புருஷனுக்கு மூளை கலங்கிப்போய், டாக்டர்களும் கைவிரித்துவிட்டார்கள். பேச்சு நின்று மாசக்கணக்காகிறது. வாயோரம் எச்சில் வடிவதுகூட அவருக்குத் தெரியாது. யாராவது கையைத் தூக்கினால் போதும், இரண்டு முஷ்டியும் தலையை மறைக்க மேலே போய்விடும். சோறு ஊட்டப் போகும் அவள் கைக்கும் அதே கதிதான்.

கைதட்டலைக் கேட்டாவது பழசு ஏதாவது திரும்பாதா, ஒரே ஒரு தடவை ‘ஏளா’ என்று கூப்பிட்டுவிட மாட்டாரா என்ற நப்பாசை. அதற்காகத்தான் சட்டை மாட்டிவிட்டு ஆட்டோவில் கூட்டி வந்திருந்தாள்.

“நம்ம செல்லப்பாண்டி அண்ணாச்சி எப்படி? மூணு குத்து வாங்கி ஒண்ணு குடுப்பாவ. அந்த ஒண்ணுலயே எதிராளி படுத்துருவான். டிக்கெட் காசுக்கு வஞ்சகம் பண்ணாத மனுசன்!”

கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

“ஏங்க, உங்களத்தான் சொல்லுதாவ” என்றாள் காதோரம்.

அவர் மேடை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அந்த நாட்கள் ஞாபகம் வந்தன. முகமெல்லாம் ரத்தமாக அவர் நிற்கும்போது ‘பின்னால போகாத பாண்டி!’ என்று ஊரே கூவும். புதுப்பெண்டாட்டியான அவளும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தொண்டை கிழியக் கூவியிருக்கிறாள். ஒரு தடவை அவர் ஓரடி பின்வாங்கிவிட்டார் என்று, வீட்டுக்கு வந்து முகங்கொடுத்துப் பேசவில்லை.

ஜெபின் விடவில்லை. “இவங்க ரெண்டு பேரும் மோதுன கடைசி பைனல மறக்க முடியுமா? மந்திரமூர்த்தி அண்ணாச்சி முகத்துக்கு ஒரு குத்து விட்டாவளா? வயித்துல தட்டு, ஓடு. விலாவுல தட்டு, ஓடு. அப்படியே பாயிண்ட பொறுக்கி கப்பத் தூக்கிட்டுப் போயிட்டாவ. சனங்க செருப்பக் கழட்டில்லா எறிஞ்சாங்க!”

அந்தத் தோல்வியோடு கிளப் செல்லப்பாண்டியைச் சண்டைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. பேச்சிச்செல்விக்கு இன்றுவரை அது ஆறவில்லை.

அந்த பைனல் அன்று காலை எடை பார்க்கும் இடத்துக்கு அவளும் போயிருந்தாள். “வாடே மாரிராஜ்” என்று தன் கோச்சின் பேரைச் சொல்லி மந்திரமூர்த்தியைக் கூப்பிட்டார் செல்லப்பாண்டி. பகடி பண்ணுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். மந்திரமூர்த்தி மட்டும் சிரிக்காமல் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன திமிர் என்று அப்போதே நினைத்தாள்.

நடுவராக இருந்த கிளப் தலைவர் மகாராஜா எழுந்தார். “இதுல யோசிக்க என்ன இருக்கு? செல்லப்பாண்டிதான்!”

விசில் பறந்தது. மகாராஜா பொன்னாடையோடு கீழே இறங்கி வந்து, அதை விரித்துத் தூக்கினார்.

அவ்வளவுதான். செல்லப்பாண்டியின் முஷ்டிகள் மேலே போய்விட்டன. நாற்காலியிலேயே குறுகி, தலையை உள்ளே புதைத்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினார்.

“பாத்தியளா! சிங்கம் இன்னும் அடியத் தடுக்க கார்டு போடுது!” என்றார் மகாராஜா மைக்கில்.

ஒரே சிரிப்பு. செல்போன்கள் எழுந்தன. படம் எடுப்பவர்களுக்காக மகாராஜா இன்னொரு தடவை ஆடையைத் தூக்கிக் காட்டினார். மறுபடியும் முஷ்டிகள், மறுபடியும் சிரிப்பு.

“போதும் அண்ணாச்சி, விட்ருங்க” என்றாள் பேச்சிச்செல்வி. அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? ஏன்தான் கூட்டி வந்தோமோ என்று இருந்தது.

மந்திரமூர்த்தி எழுந்து வந்தார். மகாராஜாவின் கையிலிருந்து பொன்னாடையை வாங்கினார். செல்லப்பாண்டிக்கு நேரெதிரே போய் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

இவனுமா என்று அவள் பதறினாள்.

முஷ்டிகள் எழவில்லை. மடியிலேயே கிடந்தன.

பொன்னாடை தோளில் விழுந்தது. மந்திரமூர்த்தி அதைக் கழுத்தோரம் சரிசெய்துவிட்டு, கன்னத்தில் கை வைத்தார். அப்போதும் எழவில்லை. நடுக்கம்கூட மெல்ல அடங்கியது.

“ஏளா...”

பேச்சிச்செல்விக்குத் தூக்கிவாரிப்போட்டது. செல்லப்பாண்டி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவன் தலையில அடிக்கமாட்டான்ளா.”

மந்திரமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எடை பார்த்த அந்தக் காலை அவள் கண்முன் வந்து நின்றது. அன்று புருஷன் பேரை மாற்றிக் கூப்பிட்டது பகடி இல்லை; மந்திரமூர்த்தி உற்றுப் பார்த்தது திமிரிலும் இல்லை. ஊரும் அவளும் பார்க்காததை அந்த மனுசன் ஒருத்தர்தான் பார்த்திருக்கிறார்.

அழுகை முட்டியது. அத்தனை நாள் ஏங்கிய குரலைக் கேட்டுவிட்ட சந்தோஷமும் கூடவே வந்தது. புருஷனின் வாயோரம் வடிந்த எச்சிலைத் துடைக்கச் சேலைத் தலைப்போடு கையை நீட்டினாள்.

இரண்டு முஷ்டிகளும் தலையை மறைக்க மேலே போயின.