தொண்ணூறு புள்ளிக் கவசம்

ஒரு வீடியோ கேமுக்குள்ளே இரும்புக் கவசம் ஒன்று இருந்தது. அதன் பாதுகாப்பு தொண்ணூறு புள்ளி. அதை நினைத்து நினைத்து அதற்கு ஒரே பெருமை.

வீரன் வேங்கையன் மாட்டிக்கொண்டால் கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடும். வீராங்கனை ஆதிரை மாட்டிக்கொண்டால் மட்டும் சுருங்கிப்போய், நெஞ்சில் கைக்குட்டை அளவுக்கு நிற்கும். கேமைச் செய்தவர்கள் அப்படித்தான் செய்திருந்தார்கள். கவசமும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

ஒருநாள் சண்டையில் ஓர் அம்பு வந்து ஆதிரையின் வெறும் வயிற்றில் பட்டது. 'டங்' என்று சத்தம். அம்பு முனை மழுங்கித் தரையில் விழுந்தது.

"நான் பட்டது தோலில்தானே? இரும்புச் சத்தம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டது அம்பு.

"எவ்வளவு சுருங்கினாலும் தொண்ணூறு தொண்ணூறுதான்," என்றது கவசம் மிடுக்காக.

"அப்புறம் எதுக்கு வேங்கையன் மாட்டினா மட்டும் அவ்வளவு இரும்பு? பாவம், வேர்த்துக் கொட்டுதே!"

கவசத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த ஆட்டத்தில் வேங்கையன் எடுத்து மாட்டியதும், கவசம் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிக்கொண்டது. அவன் கேடயத்தால் வயிற்றை மறைத்தபடி பாறைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தான்.

"ஐயோ, எல்லாரும் பார்க்கிறாங்களே! இந்தக் கோலத்தில் எப்படிச் சண்டை போடுறது?"

ஆதிரை அவன் தலைக்கு மேல் மின்னிய பாதுகாப்பு எண்ணை நிமிர்ந்து பார்த்தாள்.

"தொண்ணூறு அப்படியேதான் இருக்கு," என்றாள் வாளை உருவிக்கொண்டே. "வாங்க, நேரமாச்சு."