இரண்டாம் மாடி வரை கேட்ட அழுகை

"குழந்தைங்க?" என்று கேட்டார் முதலாளி.

"இல்லீங்க சார்."

சொல்லிவிட்டாள்.

திருப்பூரில் அவள் படியேறும் நான்காவது பனியன் கம்பெனி இது. முதல் மூன்றிலும் உண்மையைச் சொன்னாள். மூன்றிலும், "சொல்லி அனுப்பறோங்க" என்றார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். முதலாளி. மேனேஜர். ஓரத்தில், வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவைப் பார்க்கும் வத்சலா.

கீழே, வண்டி நிறுத்தும் இடத்தில், அவள் கணவன் சிபி ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். அரை மணி நேரத்தில் முடியும் என்றிருந்தார்கள். இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

"வெளிநாட்டு பார்ட்டிககூட பேசிப் பழக்கமுங்களா?"

"ஆறு வருசம் அதுதான் சார் வேலை."

அப்போது கேட்டது.

முதலில் ஒரு சிணுங்கல். பிறகு வீறிடல். யாருடையது என்று அவள் மார்புக்குத் தெரிந்துவிட்டது.

"யாரோட குழந்தைங்க அது?" மேனேஜர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

மார்பு கனத்தது. உடை நனைந்தது.

ஃபைலை எடுத்து நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூடிய ஜன்னலையும் மீறிக் கேட்ட அழுகை சட்டென்று நின்றது.

நின்றதுதான் பயமாக இருந்தது.

இல்லை என்று ஏன் சொன்னேன்? சொன்ன சொல் பலித்துவிடக் கூடாதே.

வத்சலா எழுந்தாள். "சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுக்கோணும். வாங்க."

வராந்தாவில் வத்சலா ஃபைலைக் கேட்கவில்லை. தன் துப்பட்டாவை உருவி நீட்டினாள்.

"பின்னால படி இருக்குது. பசியாத்திட்டு வந்துருங்க. நான் பார்த்துக்கறேன்."

அவள் ஓடினாள்.

குழந்தை அப்பாவின் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டு, கண்கள் சிவந்து, விக்கிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் தன் அறையைத் திறந்துவிட்டு வெளியே போய் நின்றார்.

பதினைந்து நிமிடம்.

திரும்பி வந்தபோது வத்சலா கதவருகிலேயே காத்திருந்தாள். கையில் சர்டிபிகேட் எதுவும் இல்லை.

"பேரென்னங்க?"

தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அது விண்ணப்பத்திலேயே இருக்கிறதே; கேட்டது மகளின் பெயரை.

"இதழினி," என்றாள்.

வத்சலா கதவைத் திறந்துவிட்டாள்.

நாற்காலியில் உட்காரவில்லை அவள்.

"சார், ஒரு பதிலை மாத்திச் சொல்லணுங்க."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.