முப்பத்தேழு விநாடி

2003ஆம் ஆண்டின் சித்திரை வெயில் செங்கல்பட்டு மருந்தியல் ஆய்வுக்கூடமொன்றின் ஜன்னல் வழியே எலிக்கூண்டுகளின் மேல் விழுகிறது. மரத்தூளும் மூத்திரமும் கலந்த வெக்கையில் ஆய்வு மாணவி ஹம்சினி கூண்டின் மேல் குனிகிறாள். மிளகாயின் காரச்சத்தை அவள் ஊசியால் ஏற்றிய ஐந்தாவது எலி, சிவந்து வீங்கும் பின்னங்காலை விடாமல் நக்குகிறது. அது நக்கும் விநாடிகள்தாம் அவளுடைய ஆய்வேட்டில் வலியின் அளவு. நரம்பு நுனியில் சூட்டுக்கென்று திறக்கும் அயனி வாயிலைக் காரமும் திறந்துவிடும். சுடாத காலைச் சுட்டதாகவே எண்ணி எலி துடிக்கும். இன்னும் ஒரே ஓர் எலி. அதை விட்டால் ஆய்வேடு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையுறையோடு கையை உயர்த்துகிறாள். கையுறையில் ஒட்டிய காரம் வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் தீ பிடிக்கிறது. குழாயடியில் குனிந்து கழுவிக்கொண்டே இருக்கிறாள். தீ எதுவும் இல்லையென்று அவளுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னால் ஆய்வுக்கூட உதவியாளர் சம்பத் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கிச் சிரிக்கிறார். “இன்னாம்மா, எலிக்கு முப்பத்தேழு செகண்டுதான். நீ நூறு தாண்டியும் கழுவிகினு கீற! ஃபர்ஸ்ட் பிரைஸ் ஒனக்குத்தான்.” “சிரிக்காதீங்கண்ணா.” “சரி, மீதி ஒண்ணு கீதே, நாளிக்கு வெச்சிக்கலாமா?” நாளைக்கென்று தள்ளினால் இந்தப் பக்கமே வரமாட்டாள் என்பது அவளுக்கே தெரியும். புதுக் கையுறை மாட்டுகிறாள். ஆறாவது எலி கூண்டின் மூலையில் ஒடுங்கி அவள் விரலை முகர்கிறது. ஒரு கண்ணை மூடியபடியே அதன் பிடரியைப் பற்றித் தூக்குகிறாள். ஊசி நேராக இறங்குகிறது. கை சற்றும் நடுங்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துத்தான் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.