சீல் கேட்டு வந்த அண்ணன்

"கூடப் பிறந்த அண்ணனை இப்படியா மேடம் நிக்க வைப்பீங்க?" என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது கவுண்டர் அக்காவுக்கு. வேலை போய்விடுமே என்று விழுங்கிக்கொண்டாள்.

அந்தப் பரிசோதனைக்கூடத்துக்கு வருகிற டப்பாக்களை வாங்கி, நம்பர் ஒட்டி உள்ளே அனுப்புவது அவள் வேலை. வைட்டமின் மாத்திரை, புரோட்டீன் பவுடர், எலும்புக்குச் சத்து, முடிக்குச் சத்து என்று எது வந்தாலும் மேடம் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் டப்பா மேல் 'தூய்மையானது' என்று பச்சை சீல் ஏறும்.

அண்ணன் செய்வது எலும்புக்கான சத்துப் பவுடர். முக்கால் மணி நேரமாகக் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேடம் ஒருவழியாக ரிப்போர்ட்டோடு வெளியே வந்தாள். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை.

"ஈயம் இருக்குண்ணா. அனுமதிச்ச அளவைவிட நாலு மடங்கு. சீல் கிடையாது."

"விளையாடாதம்மா."

"நான் எப்ப விளையாடியிருக்கேன்?"

அது என்னவோ வாஸ்தவம். மேடம் சிரித்துப் பார்த்தவர்கள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது.

அண்ணனின் குரல் இறங்கியது. "அப்பா போனப்புறம் உன்னைப் படிக்க வச்சது யாரு?"

"நீதான்."

"இந்த வெள்ளைக் கோட்டு யாரால வந்தது?"

"உன்னாலதான்."

"சும்மா ஒரு கையெழுத்து. சீல் இல்லைன்னா இனிமே ஒரு கடைக்காரனும் சரக்கைத் தொட மாட்டேங்கிறான். பதினெட்டு பேர் என்னை நம்பி வேலை செய்யறாங்க. வீட்ல உன் அண்ணிக்கு ஏழு மாசம். பதினொரு வருஷம் கழிச்சு இப்பதான் ஒரு குழந்தை முகத்தைப் பார்க்கப் போறோம். இந்த நேரத்துல என்னை நடுத்தெருவுல நிறுத்திடாதேம்மா."

கவுண்டர் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேடமோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படிப்பு ஏற ஏற மனசு கல்லாகிவிடும் போலிருக்கிறது. நமக்குக் கூடப் பிறந்தவர்களும் இல்லை, படிப்பும் இல்லை, நல்லதாய்ப் போயிற்று என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "மேடம், இன்னொரு தடவை போட்டுப் பார்த்துடலாமே. மெஷின்தானே, தப்பா காட்டியிருக்கும்."

"மூணு தடவை போட்டுட்டேன்க்கா. ஒவ்வொரு தடவையும் மெஷின் தப்பா இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

"முப்பது தடவை போட்டாலும் அதுல ஈயம் வராது," என்றார் அண்ணன். பொறுமை போய்விட்டது அவருக்கு. "வரவே முடியாது."

"அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்ற?"

"ஏன் சொல்ல மாட்டேன்? அது இந்த டெஸ்டுக்குன்னே தனியா செஞ்சது. நானே நின்னு, முதல் தரமான கால்சியம் வாங்கிப் போட்டுச் செஞ்ச டப்பா அது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கவுண்டர் அக்கா ஒட்டிக்கொண்டிருந்த நம்பரை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். சோதனைக்கென்று தனியாகச் செய்தது இது என்றால், கடைக்குப் போவது எது?

மேடம் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீ கொடுத்த டப்பா சுத்தம்தான்ணா. ஒரு குறை சொல்ல முடியாது. ஈயம் வந்தது ரெண்டாவது டப்பாவுல."

"எந்த ரெண்டாவது டப்பா?"

கவுண்டர் அக்காதான் மெல்லச் சொன்னாள். "கம்பெனி ஒண்ணு கொடுக்கும் சார். அதே சரக்குல வெளியில யாராவது சாப்பிட்டுக்கிட்டிருக்கிற டப்பாவும் ஒண்ணு எடுத்துட்டு வந்து ரெண்டையும் பார்ப்போம். அது எங்க வழக்கம். முன்கூட்டி யாருக்கும் சொல்றதில்லை."

"எவன் கொடுத்தான் அதை?" என்று எகிறினார் அண்ணன். "என் பேர்ல எவனோ போலி போட்டு வித்திருக்கான். எந்தக் கடைன்னு சொல்லு."

"கடைக்கு நான் போகலண்ணா. உன் வீட்டுக்குப் போனேன்."

எகிறிய அண்ணன் ஒரு அடி பின்வாங்கினார்.

"வயித்து வலி தாங்கலை, விரலெல்லாம் மரத்துப் போகுதுன்னு அண்ணி போன வாரம் போன் பண்ணாங்க. என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்த உன் பவுடரை எடுத்துக் காட்டினாங்க. இன்னிக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துட்டு வந்திருக்கோம். எதுக்குன்னு அவங்களுக்கு இன்னும் சொல்லலை. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

அண்ணன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு நான் அதைக் கொடுக்கவே இல்லையேம்மா. தொடவே கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்..."

"சொன்னாங்க. அதனாலதான் உனக்குத் தெரியாம ரெண்டு வேளையும் பால்ல கலந்து குடிக்கிறாங்க. 'உங்க அண்ணன் ராத்திரி பகலா உழைச்சுச் செஞ்சது, நானே நம்பிக் குடிக்கலைன்னா அப்புறம் எந்த வீட்டுப் பிள்ளைக்கு அதை நம்பிக் கொடுப்பாங்க'ன்னு என்னையே கேட்டாங்கண்ணா."