ஓரச் சிரிப்பு

மாலை நர்சிங் வகுப்பில் எந்த நோயைப் பற்றிப் பாடம் நடத்தினாலும், வீடு வந்து சேர்வதற்குள் அது தம்பிக்கு வந்துவிடும்.

"அக்கா, என் முகம் கோணியிருக்கா பாரேன்."

காதுவலிக்குப் பஞ்சு வைத்திருந்த அக்கா திரும்பினாள். "இன்னைக்கு என்ன பாடம்?"

"கொப்புளம் போடுற கிருமி முகநரம்பைத் தாக்குமாம். உடனே மருந்து எடுக்கலேன்னா கோணல் அப்படியே நின்னுடலாம்."

"போன வாரம் மூளைக்காய்ச்சல். அதுலயே பொழைச்சுட்டே!" வாயின் ஓரத்தால் சிரித்தாள். இரண்டு நாளாக அவனைக் கண்டாலே இந்த நக்கல் சிரிப்புதான்.

தம்பி வீம்பாகக் கண்ணாடி முன் நின்று, பாடத்தில் சொன்னபடி புருவத்தை உயர்த்தினான், கன்னத்தை உப்பினான். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"இதென்ன பெரிய வித்தையா, டாக்டரே?" அக்காவும் பக்கத்தில் நின்று உப்பினாள். ஒரு பக்கமாகக் காற்று புஸ்ஸென்று போயிற்று. புருவமும் ஒன்றுதான் ஏறியது.

தம்பிக்குத் தன் நோய் மறந்தே போயிற்று. "அக்கா, செருப்பைப் போடு. ஆஸ்பத்திரிக்கு."

டாக்டர் பஞ்சை எடுத்துப் பார்த்தார். "காதுக்குள்ள கொப்புளம். நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க. மருந்துக்குக் கேட்கும்."

வெளியே வந்ததும் தம்பி, "ரெண்டு நாளா நீ நக்கல் பண்றேன்னுல்ல நினைச்சேன்" என்றான்.

"நோய் அசையாத பக்கத்துலதான்டா" என்றாள் அக்கா. "சிரிச்ச பக்கம் உன்னைப் பாத்து நிஜமாவே சிரிச்சதுதான்."