எந்தக் கையில் சாவி

"கடைசியா ஒரே ஒரு தடவை," என்றார் என் கணவர். சொல்லிவிட்டு, உட்கார்ந்தபடியே எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

வாசலில் காரின் பின்சீட்டில் வாலு ஏறி உட்கார்ந்தாயிற்று. ஏழு வயது மகளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் போக வேண்டும். போய், உல்லாசக் கப்பல் கம்பெனிக்காரர்கள் முன்னால் இவர் தன் வித்தையைப் பதினைந்து நிமிடம் செய்து காட்ட வேண்டும். பிடித்துப்போனால் இரண்டு வருடத்துக்குக் கப்பலிலேயே வேலை. பிறந்தநாள் வீடுகளில் பலூன்காரருக்குப் பக்கத்தில் நின்று காட்டும் பிழைப்பு ஒழியும்.

கிளம்புகிற நேரத்திலும் ஒத்திகை. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்ட பன்னிரண்டு வருடமாக என் இரண்டு கைகளும் எனக்குச் சொந்தமில்லை.

ஐட்டம் இதுதான். எதிரில் இருப்பவர் ஏதாவது ஒரு பொருளை ஒரு கையில் மறைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்ட வேண்டும். எந்தக் கை என்று இவர் சொல்வார். சரியாக இருந்தால் பொருளை இவரே எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டுவார். கைதட்டல்.

முன்பெல்லாம் பத்துக்கு ஏழுதான் சரியாக வரும். இந்த எட்டு மாதத்தில் இழைத்து இழைத்துப் பத்துக்குப் பத்து ஆக்கிவிட்டார்.

அந்தக் காலத்தில் ஆளை மேலும் கீழும் அளப்பார். விரல் முட்டி வெளுக்கிறதா, எந்தத் தோள் இறங்குகிறது, பாதம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒன்றையும் விடமாட்டார். முதலில் பாதத்தை விட்டார். பிறகு தோளை. பிறகு ஆள் நிற்கக் கூடாது, நேர் எதிரில் உட்கார வேண்டும் என்றார். கடைசியில் கையையே விட்டுவிட்டார்.

மூஞ்சி போதுமாம். கையைக் கல் மாதிரி வைத்துக்கொள்ளலாம், ஆனால் மூக்கு நுனி பொருள் இருக்கிற பக்கம் நூலளவாவது திரும்பியே தீருமாம். ஐட்டம் குறையக் குறையத்தான் சுத்தமாகும் என்று விளக்கினார்.

நானும் அசந்துபோய், நீங்கள் எங்கேயோ போய்விட்டீர்கள் என்று சொன்னேன்.

அதே எட்டு மாதத்தில் வீட்டில் நாலு கண்ணாடி டம்ளர் உடைந்தது. எல்லாமே அவர் முழங்கை பட்டுத்தான். பாதி திறந்திருந்த அலமாரிக் கதவில் இரண்டு தடவை நெற்றியை இடித்துக்கொண்டார். ஊரார் மனசையெல்லாம் படிக்கிறவருக்குச் சொந்த வீட்டுக் கதவு தெரியவில்லையா என்று கிண்டல் செய்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

நேற்று சாயங்காலம் வாலு ஒரு விஷயம் சொன்னாள். அப்பா தெருமுனையில் காரை வளைத்தபோது ஓரமாக வந்த சைக்கிள்காரர் கீழே குதித்துத் திட்டினாராம். யாரைத் திட்டுகிறார் என்று அப்பா இவளையே கேட்டாராம். அவளுக்கு அது நல்ல நகைச்சுவை. சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு உடைந்த டம்ளர்களும் அலமாரிக் கதவும் ஞாபகத்துக்கு வந்தன.

கேட்டால் மழுப்புவார். மழுப்புவதுதானே அவருக்குத் தொழிலே. அதனால் கேட்கவில்லை.

மேசையில் கிடந்த கார் சாவியை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டேன். இரண்டு கைகளையும் அவர் பக்கமாக நீட்டினேன். ரெடி என்றேன்.

திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில்தான் நான் விழுந்தேன், பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். உலகத்தில் வேறு எதுவுமே இல்லாத மாதிரி, என்னை மட்டும் பார்க்கிற பார்வை.

கீழே பாருங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை கீழே பாருங்கள், பார்த்து என்னைத் திட்டுங்கள், என்ன விளையாட்டு இது என்று கோபப்படுங்கள். மனசைப் படிக்கிறவர் என்று போஸ்டரில் போட்டிருக்கிறதே, இதைப் படிக்கக் கூடாதா.

அவர் மூச்சை இழுத்துவிட்டார். புன்னகை வந்தது.

"இடது கை."

சரி என்றேன்.

பத்துக்குப் பத்து என்று மேசையைத் தட்டினார். இன்றைக்குக் கப்பல்காரர்கள் வாயைப் பிளக்கப் போகிறார்கள் என்றார். பொருளை எடுப்பதற்காகத் தலையைக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

"எப்ப கையைத் திறந்த?"

"நான் மூடவே இல்லைங்க."

என் இரண்டு கைகளும் மேசைமேல் மல்லாந்து கிடந்தன. இடது உள்ளங்கையில் சாவி, வாலு கோத்துக் கொடுத்த சிவப்பு மணி வளையத்தோடு, பட்டப்பகலில், அவர் மூக்குக்குக் கீழே.

பன்னிரண்டு வருடம் எதிரில் உட்கார்ந்ததில் எனக்கும் கொஞ்சம் மூஞ்சி படிக்கத் தெரியும். அவர் நிமிர்ந்தபோது பார்த்தேன். அதிர்ச்சி இருக்கும், ஆச்சரியமாவது இருக்கும் என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டுமே இல்லை. எதிரில் உள்ள மூஞ்சியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாததை இத்தனை நாள் மறைத்து மாட்டிக்கொண்ட முகம்தான் இருந்தது.

வெளியே வாலு முன்சீட்டுக்குத் தாவிவிட்டாள் போல. ஹாரனை இரண்டு தடவை அழுத்தினாள்.

அவர் சாவிக்குக் கை நீட்டினார்.

நான் கையை மூடிக்கொண்டேன்.