யார் வீட்டுக் காய்ச்சல்?

"ஜன்னலோரக் கட்டில் எங்களோடது. ஸ்கேன் எடுத்துட்டு வர்றதுக்குள்ள புடிச்சுக்குவீங்களா?" என்று கத்தினாள் சிமி.

"நாங்க வந்தப்போ காலியாத்தான் கிடந்துச்சு" என்றாள் உம்மு ரஜாய், நகராமல்.

"காலியாவா? என் ஸ்வெட்டர் கிடந்ததே!"

ஜெருசலேம் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு. சிமியுடையது மொராக்கோவிலிருந்து வந்த யூதக் குடும்பம். மற்றவள் நகரத்தின் கிழக்குப் பக்கத்துப் பாலஸ்தீனக்காரி. இரண்டு பேரின் பையன்களும் முழங்காலை மடக்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள்.

நர்ஸ் வந்தாள். நடுவில் திரையை இழுத்துவிட்டுப் போனாள். இந்த ஊரில் எந்தச் சண்டைக்கும் அதுதான் முதல் வைத்தியம்.

சிமியின் மகன் யோஹாயை அமுக்கிப் பார்த்த இளம் டாக்டர், "அப்பெண்டிக்ஸ் மாதிரிதான் இருக்கு. கையெழுத்துப் போடுங்க, இப்பவே ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார்.

பேனாவை வாங்கிய சிமி கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்தாள். "எங்க மாமனாருக்கும் இப்படித்தான் டாக்டர். காய்ச்சலோட வயிறு புடிக்கும், தானா போயிடும். ஒருதடவை அறுத்துப் பார்த்துட்டு, ஒண்ணுமில்லேன்னு தைச்சு அனுப்பினாங்க..."

திரை சடாரென்று விலகியது.

"போடாதே! கையெழுத்துப் போடாதே!" உம்மு ரஜாய் தன் மகனின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். வயிற்றில் நீளமான தழும்பு. "இவனையும் அப்படித்தான் வீணா அறுத்தாங்க. பெரிய டாக்டரைக் கூப்பிடு. இதுக்கு மாத்திரை இருக்கு. இவன் அதை முழுங்காம ஏமாத்தித்தான் இப்போ இங்க கிடக்கான்."

பெரிய டாக்டர் வந்தார். மாமனார் கதையை முழுக்கக் கேட்டார், ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். கடைசியில் ஆபரேஷன் வேண்டாம் என்றார். "ரெண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல்தான். மாத்திரையே போதும்."

சிமி மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். உம்மு ரஜாயின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். கத்தியிலிருந்து பிள்ளை தப்பிய தாய்க்கு வேறு என்ன தோன்றும்? ஆனால் கண்ணைத் துடைத்ததும் அவளுக்கு இன்னொன்றும் தோன்றிவிட்டது.

"ஒரே காய்ச்சலா? அப்போ இவங்ககிட்டேருந்துதான் என் பையனுக்குத் தொத்திக்கிச்சு!"

"நல்லாருக்கே! கடல் தாண்டி நீங்கதான் கொண்டுவந்து எங்களுக்கு ஒட்டவிட்டீங்க!"

"தொத்துற நோயே இல்லம்மா இது" என்றார் டாக்டர் அலுப்போடு. "பரம்பரையா வர்றது. எந்தக் காலத்திலேயோ ஒரே முப்பாட்டன்கிட்டேருந்து உங்க ரெண்டு குடும்பத்துக்கும் வந்திருக்கு."

இரண்டு தாய்மார்களும் ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்தார்கள். மூக்கு, புருவம், முறைக்கிற முறைப்பு. பிறகு இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

"அவரு எங்க ஆளு!"